ஹாஸ்டலில் ஒருவருக்குக் காய்ச்சல்... அடுத்து கல்லூரி செய்ய வேண்டியது என்ன?

2020 டிசம்பர். கரோனா முதல் அலை தணிந்து, தமிழகத்தில் கல்லூரிகள் மெல்லத் திறக்கத் தொடங்கியிருந்த நேரம். சென்னை ஐஐடி வளாகத்தில் அப்போது தங்கியிருந்த மாணவர்கள் 774 பேர் மட்டுமே. வழக்கமாகப் பல ஆயிரம் பேர் தங்கும் வளாகத்துக்கு இது மிகச் சிறிய எண்ணிக்கை. அறைகள் காலியாகக் கிடந்தன, கூட்டம் இல்லை. ஆனாலும் அந்த மாதத்தின் முதல் இரண்டு வாரத்துக்குள் தொற்று எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது. துறைகள், ஆய்வகங்கள், நூலகம் எல்லாம் மூடப்பட்டன. சாப்பாடு அறைக்கே பார்சலாகப் போனது.

ஆள் குறைவாக இருந்தும் எப்படிப் பரவியது? அப்போது பரவலாகப் பேசப்பட்ட காரணம், மெஸ். ஆள் குறைவு என்பதால் இயங்கிய மெஸ்ஸும் ஒன்றுதான். தனித்தனி அறையில் இருந்தவர்கள் மூன்று வேளையும் ஒரே கூரையின் கீழ் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அது ஒரு முறை நடந்த கதை அல்ல. 2022 ஜனவரியில் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் 60-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தொற்று உறுதியானது. அதே ஆண்டு ஏப்ரலில் மீண்டும் சென்னை ஐஐடி. ஒரே வாரத்தில் எண்ணிக்கை 100-ஐக் கடந்தது. அந்தச் சமயத்தில்தான் பொது இடங்களில் முகக்கவசம் அணியாவிட்டால் 500 ரூபாய் அபராதம் என்ற அறிவிப்பு தமிழகத்தில் மறுபடி வந்தது.

கரோனா பயம் இன்று போய்விட்டது. ஆனால் சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி, மஞ்சள் காமாலை, ஃப்ளூ, மெட்ராஸ் ஐ, கூட்டமாக வரும் வாந்தி பேதி எதுவும் ஹாஸ்டலை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு கல்வியாண்டும் எங்கோ ஒரு வளாகத்தில் இது நடக்கிறது. இதைக் கையாள்வதில் சில கல்லூரிகள் ஜெயித்தன, சில தோற்றன. வித்தியாசம் எங்கே இருந்தது?

ஹாஸ்டலில் மட்டும் ஏன் இவ்வளவு வேகம்?

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பாதிக்கப்படக் கூடியவர்கள் நான்கைந்து பேர். ஹாஸ்டலில் அதே ஆள் அறைத் தோழர்கள், அந்த மாடியின் பொதுக் குளியலறை, மெஸ், வகுப்பு, ஜிம், கல்ச்சுரல்ஸ் ஒத்திகை என்று ஒரே நாளில் நூறு பேரையாவது நெருங்கிவிடுகிறார். தண்ணீர் பாட்டில், துண்டு, சார்ஜர், சில சமயம் சோப்பு வரை எல்லாமே பொதுச் சொத்து.

இன்னொன்று, வயது. 18 முதல் 25 வயதுக்காரர்களுக்குப் பெரும்பாலான தொற்று லேசாகத்தான் வரும். "சாதாரண ஜுரம்தானே, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விடலாம். அவரளவில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதே வளாகத்தில் 55 வயது சமையல்காரர் இருக்கிறார், சர்க்கரை நோயுள்ள பேராசிரியர் இருக்கிறார், கர்ப்பிணியான ஊழியர் இருக்கிறார். நோய் யாரிடம் கிளம்புகிறதோ, அவரிடம் அதன் முழு விலையையும் வசூலிப்பதில்லை.

காய்ச்சல் என்றால் எல்லாம் ஒன்றா?

இல்லை. பல நிர்வாகங்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். எந்த நோய் என்று தெரியும் முன்பே கிருமிநாசினி தெளித்து, கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு நோய்க்கும் பரவும் வழி வேறு. அதனால் தடுக்கும் வழியும் வேறு.

- சின்னம்மை: கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தனிமை தேவை. தொற்றியவருக்கு அறிகுறி வர 10 முதல் 21 நாள் ஆகும். அதாவது முதல் நோயாளி குணமாகி வகுப்புக்குத் திரும்பும்போதுதான் அடுத்தவர்கள் படுக்கத் தொடங்குவார்கள்.

- பொன்னுக்கு வீங்கி: வீக்கம் தொடங்கிய நாளிலிருந்து 5 நாள் தனிமை. அறிகுறி வெளியே வர 12 முதல் 25 நாள் வரை எடுக்கலாம். ஒரு வளாகத்தில் இது புகுந்தால் மாதக்கணக்கில் இழுப்பதற்குக் காரணம் இதுதான்.

- ஃப்ளூ: 1 முதல் 4 நாளுக்குள் அறிகுறி. காய்ச்சல் மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் வெளியே வரலாம். மாத்திரை போட்டுக் காய்ச்சலைக் குறைத்துக்கொண்டு வருவது கணக்கில் சேராது.

- நோரோவைரஸ் வாந்தி பேதி: 12 முதல் 48 மணி நேரத்தில் வரிசையாகப் பலர் விழுவார்கள். இதற்கு ஆல்கஹால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் வழி. மெஸ் ஊழியருக்கு வந்தால், வாந்தி பேதி நின்ற பிறகும் இரண்டு நாள் அவர் சமையல் பக்கம் வரக் கூடாது.

- ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலை: அசுத்தமான தண்ணீர், உணவு வழியே வரும். அறிகுறி தெரிய சராசரியாக 28 நாள். இன்றைக்கு ஐந்து பேருக்குக் கண் மஞ்சளாகிறது என்றால், தேட வேண்டியது இன்றைய சாம்பாரை அல்ல. போன மாதத்துத் தண்ணீரை. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம். வைரஸிடமிருந்து பாதுகாப்பு தேவைப்படும்போது 0.5 மில்லிகிராம். கடைசியாக அளந்த தேதியைப் பதிவேட்டில் காட்ட முடியாத ஹாஸ்டலில், அளக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

- டெங்கு: இதுவும் காய்ச்சல்தான், ஆனால் ஆளிடமிருந்து ஆளுக்கு நேரடியாகத் தொற்றாது. மாணவரைத் தனி அறையில் போட்டுவிட்டு, மொட்டை மாடியில் தேங்கிய தண்ணீரை அப்படியே விட்டால் அந்தத் தனிமையால் பயன் இல்லை.

இதோடு இன்னொன்று: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். "டஸ்ட் அலர்ஜி" என்று தள்ளிப்போடக் கூடாது.

தடுப்பூசி போட்டிருந்தால் போதாதா?

பாதி பதில் ஆம். 2013-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மூளை உறையைத் தாக்கும் மெனிஞ்சைட்டிஸ் 'பி' வகை பரவியது. மார்ச் முதல் நவம்பர் வரை 8 பேர்தான். ஆனால் மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கக் கூடிய நோய் என்பதால் 8 என்பது சின்ன எண் அல்ல. அந்த வகைக்கான தடுப்பூசிக்கு அப்போது ஐரோப்பாவில் அனுமதி இருந்தது, அமெரிக்காவில் இல்லை. சிறப்பு அனுமதி வாங்கி, டிசம்பரில் வளாகத்திலேயே ஊசி போட்டார்கள். தகுதியான சுமார் 5,800 பேரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் முதல் தவணை போட்டுக்கொண்டார்கள். கோப்பைகளைப் பகிர வேண்டாம் என்பதை நினைவூட்ட, 'என்னுடையது, உன்னுடையது அல்ல' என்ற பொருளில் அச்சடித்த சிவப்பு பிளாஸ்டிக் கப்களையும் பல்கலைக்கழகம் விநியோகித்தது.

ஆனால் 2014 மார்ச்சில் ட்ரெக்சல் பல்கலைக்கழக மாணவி ஒருவர் அதே வகைக் கிருமியால் இறந்தார். அவர் பிரின்ஸ்டன் மாணவர்களுடன் தொடர்பில் இருந்தவர். ஊசி போட்டவருக்குப் பாதுகாப்பு கிடைத்தாலும், தொண்டையில் கிருமியைச் சுமந்து செல்வது முழுதாக நிற்பதில்லை என்பதை அது காட்டியது. வளாகத்தின் எல்லை கேட்டோடு முடிவதில்லை என்பதையும்தான்.

கரோனா காலத்திலும் இதே பாடம். கர்நாடகாவின் தார்வாடில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில், 2021 நவம்பரில் புதிய மாணவர்களுக்கான வரவேற்பு விழாவுக்குப் பிறகு தொற்று 280 பேரைத் தாண்டியது. பெரும்பாலானோர் இரண்டு தவணை ஊசி போட்டவர்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 97 சதவீதம் பேர் ஊசி போட்டிருந்தும், 2021 டிசம்பர் 7 முதல் 13 வரையிலான ஒரே வாரத்தில் 903 பேருக்குத் தொற்று. தீவிர நோயைத் தடுப்பூசி பெருமளவு தடுத்தது. பரவலை அதனால் மட்டும் நிறுத்த முடியவில்லை.

இந்திய மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை, ரூபெல்லாவுக்கு ஊசி உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் கிடையாது. தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டிருந்தால்தான் உண்டு. ஆக, சின்ன வயதில் இந்த நோய்கள் வராமல் தப்பித்து, ஊசியும் போடாதவர்கள் ஒவ்வொரு ஹாஸ்டலிலும் இருப்பார்கள். அட்மிஷனின்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கேட்கும் கல்லூரி, "சின்னம்மை வந்திருக்கிறதா, ஊசி போட்டாயிற்றா?" என்று ஒரு வரி கேட்டு வைத்தால் போதும். நோய் வரும் நாளில் யாரை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும். சின்னம்மை நோயாளியுடன் பழகிய 3 முதல் 5 நாளுக்குள் ஊசி போட்டால்கூட நோயைத் தடுக்கவோ வீரியத்தைக் குறைக்கவோ வாய்ப்பு உண்டு.

மூடிவிட்டு எல்லோரையும் ஊருக்கு அனுப்பினால்?

நிர்வாகங்களுக்கு இதுதான் சுலபமான வழி. ஆபத்தான வழியும் இதுவாகவே இருக்கலாம்.

2020 ஆகஸ்ட் 10-ம் தேதி அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகம், சேப்பல் ஹில் வளாகத்தில் நேரடி வகுப்புகளைத் தொடங்கியது. ஒரே வாரத்தில், பரிசோதனை செய்தவர்களில் தொற்று உறுதியானோர் விகிதம் 2.8 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக எகிறியது. ஆகஸ்ட் 17 அன்று இளநிலை வகுப்புகள் ஆன்லைனுக்கு மாறும் என்று அறிவித்தார்கள். மாணவர்கள் ஹாஸ்டலைக் காலி செய்யத் தொடங்கினர். அதற்கு அடுத்த நாளே இன்னொரு பல்கலைக்கழகமான நோட்டர் டேமும் நேரடி வகுப்புகளை நிறுத்தியது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மட்டும், மாணவர்களை வளாகத்திலேயே வைத்துக்கொண்டு. செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே மீண்டும் நேரடி வகுப்புகள் நடந்தன.

நோய் பரவும் வேளையில் மாணவர்களை வீட்டுக்கு அனுப்புவதுதான் செய்யக் கூடியதிலேயே மோசமான காரியம் என்று அமெரிக்காவின் தொற்றுநோய் நிபுணர் ஆண்டனி ஃபௌச்சி அப்போது வெளிப்படையாகச் சொன்னார். காரணம் எளிது. ஒரு வளாகத்துக்குள் இருக்கும் கிருமி அன்றிரவே நூறு ஊர்களுக்குப் போய்விடும்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஹாஸ்டலில் ஒருவருக்கு அம்மை போட்டிருந்தால், "ஊருக்குப் போய் வேப்பிலை வெச்சு ரெஸ்ட் எடுப்பா" என்று அனுப்பிவைப்பது பல கல்லூரிகளில் இன்றும் வழக்கம். அவர் எதில் போகிறார்? இரவு பஸ்ஸில். பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு ஒருவர் இருக்கலாம், கர்ப்பிணி இருக்கலாம், கீமோதெரபி முடித்துத் திரும்பும் புற்றுநோயாளி இருக்கலாம். கல்லூரிப் பதிவேட்டில் ஒரு நோயாளி குறைந்திருப்பார், அவ்வளவுதான். வீட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றால், பெற்றோர் தனி வாகனத்தில் வந்து அழைத்துச் செல்லும் வரை தனி அறையில் வைத்திருப்பது குறைந்தபட்சப் பொறுப்பு.

மாணவர்கள் ஏன் மறைக்கிறார்கள்?

வளாகத் தொற்றின் மையக் கேள்வியே இதுதான். பரிசோதனை, தனிமை, தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவது எல்லாமே ஒரு விஷயத்தை நம்பி இருக்கின்றன: முதல் நாளே, "எனக்கு உடம்பு சரியில்லை" என்று அந்த மாணவர் சொல்ல வேண்டும். அவர் மூன்று நாள் கழித்துச் சொன்னால், அதற்குப் பிறகு செய்யும் எல்லாம் துரத்தல்தான்.

அவர் ஏன் சொல்வதில்லை? அவர் இடத்தில் நின்று கணக்குப் போட்டால் புரியும். பல பல்கலைக்கழகங்களில் தேர்வு எழுத 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். அதற்குக் கீழே போனால் மருத்துவச் சான்றிதழ், கையெழுத்து, கட்டணம், அலைச்சல். அடுத்த வாரம் இன்டர்னல். அதற்கடுத்த வாரம் கேம்பஸ் இன்டர்வியூ. அது இன்னொரு நாள் வராது. "வார்டன்கிட்ட சொன்னா அந்த ரூம்ல போட்டுடுவாங்க" என்கிற பயம் வேறு. அந்த ரூமில் ஃபேன் ஓடாது, வைஃபை வராது, சாப்பாடு ஆறிப்போய் வரும். போதாக்குறைக்கு, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெயர் வந்துவிடும்.

மறுபக்கம்? ஒரு பாராசிட்டமால், ஒரு மாஸ்க், கடைசி பெஞ்ச். யாருக்கும் தெரியாது.

இப்படி ஒரு கணக்கில், மறைப்பவரைப் பொறுப்பில்லாதவர் என்று திட்டுவதில் அர்த்தமில்லை. மறைப்பதை லாபமாகவும் சொல்வதை நஷ்டமாகவும் ஆக்கியது விதிமுறைதான்.

இதை முன்பே புரிந்துகொண்ட இடங்கள் உண்டு. 2009-ல் எச்1என்1 பன்றிக் காய்ச்சல் பரவியபோது, உடல்நிலை சரியில்லாத மாணவர்களிடம் டாக்டர் சான்றிதழ் கேட்காதீர்கள் என்று கல்வி நிறுவனங்களுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்தியது. சான்றிதழ் வாங்குவதற்காகவே காய்ச்சல்காரர்கள் க்ளினிக்கில் வரிசை கட்டுவது யாருக்கும் நல்லதல்ல என்பதே காரணம். அந்த ஆண்டு வாஷிங்டன் மாகாணப் பல்கலைக்கழகத்தில் 2,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஃப்ளூ போன்ற அறிகுறிகள் இருந்தன. தெர்மாமீட்டர், வலி மாத்திரை, சானிடைசர் அடங்கிய கிட்டை அங்கே இலவசமாகக் கொடுத்தார்கள். "எங்களிடம் வந்தால் உனக்கு ஏதாவது கிடைக்கும்" என்ற செய்தி அதில் இருக்கிறது. நம் ஊர்ப் பல ஹாஸ்டல்களில் போகும் செய்தி, "எங்களிடம் வந்தால் உனக்கு ஏதாவது போகும்" என்பதுதான்.

யாரும் சொல்லாமலே கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும். 2020 ஆகஸ்டில் அரிசோனா பல்கலைக்கழகம் தன் ஹாஸ்டல்களின் கழிவுநீரைச் சோதித்து வந்தது. ஒரு ஹாஸ்டலின் கழிவுநீரில் கரோனா தடயம் தெரிந்ததும், அங்கிருந்த 311 பேரையும் பரிசோதித்தார்கள். அறிகுறியே இல்லாத இரண்டு பேர் சிக்கினார்கள். அந்த இருவரும் இருபது ஆவதற்குள் சங்கிலி அறுந்தது.

எல்லாக் கல்லூரிக்கும் இது கட்டுப்படியாகாது. ஆனால் செலவில்லாத கழிவுநீர்ச் சோதனை மாதிரி ஒன்று எல்லா வளாகத்திலும் உண்டு: மெஸ் கணக்கு. ஒரு மாடியில் இருந்து காலை டிபனுக்கு வருவோர் திடீரெனக் குறைவது, ஒரே வகுப்பில் ஆப்சென்ட் கூடுவது, வளாக மருந்தகத்தில் பாராசிட்டமாலும் ஓஆர்எஸ்ஸும் வழக்கத்தைவிட அதிகம் போவது. இந்த மூன்றையும் தினமும் ஒருவர் ஒரே தாளில் எழுதினால், வதந்திக்கு முன்பே தகவல் வந்துவிடும்.

அரசிடம் சொல்ல வேண்டுமா?

வேண்டும். அறிவிக்கப்பட்ட தொற்றுநோய்கள் பற்றிச் சுகாதார அலுவலர்களுக்குத் தகவல் தெரிவிக்கும் கடமையைத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-லேயே கொண்டுவந்துவிட்டது. நாடு முழுவதும் தொற்றுகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் திட்டம் 2004 முதல் இயங்குகிறது. மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொன்னால் பரிசோதனை, தண்ணீர் மாதிரி, கொசு ஒழிப்பு என்று ஆட்களும் ஆய்வகமும் வரும். ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம். "செய்தியில் வந்தால் அட்மிஷன் பாதிக்கும்" என்று அமுக்குவது, மாணவர் வார்டனிடம் மறைப்பதன் பெரிய வடிவம். இரண்டும் ஒரே பயத்தில் இருந்துதான் வருகின்றன.

முதல் 48 மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

1. நோயாளியை அட்டாச்டு பாத்ரூம் உள்ள, காற்றோட்டமான அறைக்கு மாற்ற வேண்டும். வைஃபை, சூடான சாப்பாடு, தினமும் ஒரு மருத்துவ விசாரிப்பு அவசியம். அந்த அறை தண்டனைக் கூடம் போல இருந்தால் அடுத்தவர் வர மாட்டார்.

2. எந்த நோய் என்று உறுதிசெய்ய மாதிரி எடுக்க வேண்டும். யூகத்தில் மருந்து தெளிப்பது வேண்டாம்.

3. அறைத் தோழர்கள், ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் பட்டியலை அவரையே கேட்டு எழுத வேண்டும். விசாரணைத் தொனி கூடாது.

4. மெஸ் நேரத்தை ஷிப்ட்களாகப் பிரிக்க வேண்டும். சமையல் ஊழியர்களுக்கும் பரிசோதனை செய்து, உடம்பு சரியில்லாதவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும். சம்பளம் போகும் என்றால் அவரும் மறைப்பார்.

5. வருகைப்பதிவுச் சலுகையும் மறுதேர்வும் உண்டு என்று அன்றே எழுத்தில் அறிவிக்க வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்ற வாய்மொழி செல்லாது.

6. எத்தனை பேர், எந்த பிளாக், என்ன அறிகுறி என்பதைத் தினமும் ஒரே நேரத்தில் வெளியிட வேண்டும். யார் என்பதை மட்டும் வெளியிடக் கூடாது.

இந்த ஆறில் ஐந்தாவதற்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு சுற்றறிக்கை, ஒரு கையெழுத்து. ஆனால் மற்ற ஐந்தும் வேலை செய்வது அதை நம்பித்தான்.

மாணவர்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. தடுப்பூசி அட்டையின் போட்டோவை வீட்டிலிருந்து வாங்கி போனில் வைத்துக்கொள்வது. காய்ச்சல் வந்தால் மாத்திரைக்கு முன்பு வெப்பநிலையைக் குறித்துக்கொள்வது. அறைத் தோழர் இரண்டு நாளாகப் போர்வையைவிட்டு எழவில்லை என்றால், "என்னடா ஆச்சு?" என்று கேட்பதோடு நிற்காமல் ஹெல்த் சென்டருக்குக் கூட்டிப் போவது. கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, உடலில் ஊதாப் புள்ளிகள், மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்த தொற்று என்ன பெயரில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எந்த ஹாஸ்டலில் அது முதலில் அடங்கும் என்பதை இப்போதே ஊகிக்கலாம். இரவு 11 மணிக்கு 101 டிகிரி காய்ச்சலோடு ஒரு மாணவர் வார்டன் கதவைத் தயங்காமல் தட்டும் ஹாஸ்டல் அது.